விக்காத வீடு: ஒரு ஃபிளாட், பதிமூணு மாசம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோடுல வாடகை அக்ரிமென்ட் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்கள்ல பாதி ஒரே கேள்விதான்: "வாடகை இருக்கட்டும், சொந்த வீட்டை விக்கவே முடியல, அதப் பத்தி பேசுங்க." பேசலாம். நான் கத்துக்கொடுக்கிற இடத்துல இருந்து பேசப் போறதில்ல. அடி வாங்கின இடத்துல இருந்து பேசறேன். எங்க ஃபிளாட்ட விக்க எனக்குப் பதிமூணு மாசம் ஆச்சு.

முதல்ல கதை. 2013ல எனக்கு இருபத்தஞ்சு வயசு. சிறுசேரியில வேலை. ஓ.எம்.ஆர்.ல நாவலூர் பக்கம் மூணாவது மாடியில 980 சதுர அடி, ரெண்டு பெட்ரூம். பத்திரச் செலவெல்லாம் சேர்த்து 46 லட்சம். அதுல 20 லட்சம் அப்பாவோடது. அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து அந்த வருஷம்தான் ரிட்டயர் ஆனார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் வந்ததும், "பேங்க்ல போட்டா என்ன கிடைக்கும், நிலம் ஏறும்மா"ன்னு சொல்லி என் கையில கொடுத்தார். பத்திரம் ரெண்டு பேர் பேர்லயும். இத மனசுல வெச்சுக்கோங்க, கதை முழுக்க இது வரும்.

2013ல ஓ.எம்.ஆர்.ல வாங்கினவங்களுக்குத் தெரியும், அது உச்சி நேரம். அதுக்கப்புறம் 2015 டிசம்பர் வெள்ளம், 2016 நவம்பர்ல பணமதிப்பு நீக்கம், 2017ல ரெரா, ஜி.எஸ்.டி. 2019 கோடையில சென்னைக்குத் தண்ணி கொடுக்கிற ஏரிகள் வத்திப் போனப்போ, எங்க காம்ப்ளெக்ஸ்ல டேங்கர் லாரிக்காக வாட்ஸ்அப் குரூப்ல சண்டை. வருஷக் கணக்கா விலை அப்படியே நின்னுச்சு. கொரோனாவுக்கு அப்புறம் ஏறுச்சு, ஆமா. ஆனா ஏறினது பெரும்பாலும் புது ப்ராஜெக்ட். பத்து வருஷப் பழைய ஃபிளாட் அதே ரோட்டுல இருந்தாலும் அது வேற மார்க்கெட்.

2024 ஜனவரியில நாங்க குரோம்பேட்டைக்கு மாறினோம். அம்மாவுக்கு முட்டி வலி, பாப்பாவுக்கு ஸ்கூல், எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கணும்னு தரைத்தளத்துல ஒரு வீடு வாங்கினோம். அதுக்கு 55 லட்சம் லோன். பழைய லோன்ல இன்னும் 11 லட்சம் பாக்கி. ரெண்டு இ.எம்.ஐ.யும் சேர்த்து மாசம் 72,000 பக்கம். "மூணு மாசம்தானே, பழைய வீட்ட வித்து அடைச்சிடலாம்"னு நானும் ஹஸ்பண்டும் எக்செல்ல போட்டுப் பார்த்தோம். அந்த மூணு மாசம்ங்கற நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

பிப்ரவரியில விளம்பரம் போட்டோம். விலை 65 லட்சம்.

ஏன் 65? ஆப்ல அதே காம்ப்ளெக்ஸ்ல மத்தவங்க 64, 66, 68ன்னு போட்டிருந்தாங்க. இங்கதான் முதல் தப்பு. ஆப்ல இருக்கிறது கேட்கிற விலை. வித்த விலை இல்ல. 68 போட்டிருந்த ஃபிளாட் ஒன்றரை வருஷமா அங்கேயேதான் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதாவது, விக்காத வீடுகளோட விலையப் பார்த்து நான் என் வீட்டுக்கு விலை வெச்சிருக்கேன்.

வித்த விலை எங்க கிடைக்கும்? பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கச் சான்ற இலவசமாப் பார்க்கலாம். உங்க ஃபிளாட்டுக்கு மட்டும் பார்க்காதீங்க. உங்க காம்ப்ளெக்ஸோட சர்வே நம்பரப் போட்டு, கடைசி ரெண்டு மூணு வருஷத்துக்குத் தேடுங்க. அந்த நிலத்து மேல நடந்த ஒவ்வொரு கிரயமும் வரிசையா வரும், எவ்வளவுக்குப் பதிவாச்சுங்கறதோட. சிலர் குறைச்சு எழுதியிருப்பாங்க, அத நீங்க கழிச்சுக்கணும். ஆனா பேங்க் லோன்ல வாங்கினவங்க பத்திரத்துல பெரும்பாலும் உண்மை விலைக்குப் பக்கத்துல இருக்கும். நான் இதப் பார்த்தது விளம்பரம் போட்டு ஒன்பதாவது மாசம். எங்க காம்ப்ளெக்ஸ்ல அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல கைமாறின ஒரு ஃபிளாட்கூட 60ஐத் தொடல.

சரி, ஆளுங்க வந்தாங்களா? முதல் ரெண்டு மாசம் நல்லாவே வந்தாங்க. வந்தவங்க எல்லாரும் கேட்ட முதல் கேள்வி: "மிக்ஜாம்ல இங்க தண்ணி வந்துச்சா?" புயல் வந்தது 2023 டிசம்பர்ல, நாங்க விக்க ஆரம்பிச்சது பிப்ரவரியில. எங்க தெருவுல ரெண்டு நாள் முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு. கார் பார்க்கிங்க்கு உள்ள வந்துச்சு. புரோக்கர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மேடம், மூணாவது மாடின்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த அவங்க கேட்டா பார்த்துக்கலாம்"னார். எனக்கு அது வரல. ஏன்னா, வாங்க வந்தவங்க என்னை மாதிரியே கைப்பிள்ளையோட வந்த ஆளுங்க. சொல்லிட்டேன். சிலர் அப்படியே கிளம்பிட்டாங்க. புரோக்கர் என் மேல கொஞ்ச நாள் கோவமா இருந்தார்.

இன்னும் சிலருக்குத் தெக்குப் பார்த்த வாசல் பிரச்சினை. இன்னும் சிலர், "மெட்ரோ வேலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்." மாதவரத்துல இருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் போற லைன் எங்க வழியாத்தான் வருது. விக்கிறவங்க அதைக் காட்டி விலை ஏத்தறோம். வாங்கறவங்க அதே மெட்ரோவுக்காகத் தோண்டின ரோட்டுல ஒன்றரை மணி நேரம் மாட்டி வந்துட்டு விலை குறைக்கிறாங்க. ரெண்டு பேருமே சரிதான்.

நடுவுல ஒரு சின்ன விஷயம், ஆனா இத யாரும் சொல்றதில்ல. காலியாக் கிடக்கிற வீடு நாறும். பாத்ரூம் தரையில தண்ணி போற ஓட்டைக்குக் கீழ வளைவுல கொஞ்சம் தண்ணி நிக்கும். அதுதான் சாக்கடை வாடையத் தடுக்கிறது. வீடு பூட்டியிருந்தா அந்தத் தண்ணி காஞ்சிடும். ஒரு நாள் வாங்க வந்த ஒரு அம்மா கதவத் திறந்ததும் சேலையால மூக்கைப் பொத்திக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் வாரா வாரம் போய் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு வருவேன். பெயின்ட்டுக்கு 28,000 செலவு பண்ணினேன். அதைவிட இந்த ஒரு பக்கெட் தண்ணிதான் உதவுச்சு.

மே மாசம் ஒரு ஜோடி வந்தாங்க. ரெண்டு பேரும் சோழிங்கநல்லூர்ல வேலை. பேசிப் பேசி 60 லட்சத்துல நின்னுச்சு. அப்பா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார், ஆனா தலையாட்டினார். ஒரு லட்சம் அட்வான்ஸ். நாங்க ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டோம். மூணு வாரம் கழிச்சு அவங்க பேங்க்ல இருந்து வேல்யூவர் வந்து பார்த்துட்டு, 53 லட்சம்னு எழுதிக் கொடுத்துட்டார்.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். மெதுவான மார்க்கெட்ல வீடு ஏன் விக்கறதில்லங்கறதுக்குப் பாதிப் பதில் இங்கதான் இருக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் உள்ள வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்புல அதிகபட்சம் 80% தான் கொடுக்கலாம். மதிப்புன்னா நாம பேசின விலை இல்ல. வேல்யூவர் சொன்னதும் நாம பேசினதும், ரெண்டுல எது குறைவோ அதைத்தான் பேங்க் எடுத்துக்கும். 53ல 80% போட்டா 42 லட்சத்து 40 ஆயிரம். விலை 60. அப்போ அவங்க கையில இருந்து 17 லட்சத்து 60 ஆயிரம் போடணும். அது மட்டுமா? தமிழ்நாட்டுல முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 60க்கு 5 லட்சத்து 40 ஆயிரம். இதுக்கு பேங்க் லோன் கிடையாது. மொத்தம் 23 லட்சம் ரொக்கமா வேணும். அவங்க 17 லட்சம்தான் சேர்த்து வெச்சிருந்தாங்க. வேல்யூவேஷன் 60ன்னு வந்திருந்தா அவங்க காசு கிட்டத்தட்டப் பத்தியிருக்கும்.

அந்தப் பொண்ணு போன்ல அழுதாங்க. அக்ரிமென்ட்ல லோன் கிடைக்கலன்னா அட்வான்ஸ் திரும்பன்னு நான் எழுதல, புரோக்கர் கொடுத்த ஃபார்மேட்ல அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தோம். "அட்வான்ஸ் நம்மளோடதுதான், சட்டப்படி"ன்னு அப்பா சொன்னார். எங்களுக்கு அந்த ஒரு லட்சம் அப்போ ரொம்பத் தேவைங்கறதும் உண்மை, ஏன்னா அந்த மாசம் கிரெடிட் கார்டுல மளிகை வாங்கியிருந்தேன். ரெண்டு நாள் தூங்கல. மூணாவது நாள் திருப்பி அனுப்பிட்டேன். அப்பாகிட்ட ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னேன். நீங்க விக்கிறவங்களா இருந்தாலும் வாங்கறவங்களா இருந்தாலும், லோன் வராட்டி அட்வான்ஸ் என்ன ஆகும், எத்தனை நாளுக்குள்ள லோன் சாங்ஷன் ஆகணும், ரெண்டையும் தெளிவா எழுதிக்கோங்க. அழுகையையும் தூக்கமின்மையையும் ரெண்டு வரியில மிச்சம் பிடிக்கலாம்.

ஜூலையில ஆடி பொறந்தது. ஆடியில யாரும் வீடு பார்க்க மாட்டாங்கன்னு தெரியும், ஆனா போன் இவ்வளவு அமைதியா இருக்கும்னு எதிர்பார்க்கல. அந்த அமைதியில இன்னொரு இடி. ஜூலை 23 பட்ஜெட்.

வீட்ட வித்து வர்ற லாபத்துக்கு வரி இருக்கு இல்லையா, நீண்டகால மூலதன ஆதாய வரி. ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தா நீண்டகாலம். அதுவரைக்கும் 20%, ஆனா வாங்கின விலைய பணவீக்கத்துக்கு ஏத்த மாதிரி உயர்த்திக் கணக்குப் போடலாம். அதுதான் இன்டெக்ஸேஷன். அன்னிக்கு என்ன சொன்னாங்கன்னா, வரி 12.5%, ஆனா இன்டெக்ஸேஷன் கிடையாது. எங்க மாதிரி ஆளுங்களுக்கு இது மோசம். ரெண்டு வாரம் நாடு முழுக்க சத்தம் போட்டாங்க, ஆகஸ்ட்ல திருத்தினாங்க. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின வீடா இருந்து, விக்கிறவர் இந்தியாவுல வசிக்கிறவரா இருந்தா, ரெண்டு கணக்குல எது குறைவோ அதைக் கட்டினா போதும். வெளிநாட்டுல செட்டில் ஆன உங்க அண்ணன் பேர்ல வீடு இருந்தா இந்தச் சலுகை அவருக்குக் கிடையாது, அத மறந்துடாதீங்க.

எங்க கணக்கச் சொல்றேன், பேனா இருந்தா எடுத்துக்கோங்க. வாங்கினது 2013-14ல, 46 லட்சம். அந்த வருஷத்துப் பணவீக்கக் குறியீட்டெண் 220. விக்கிற வருஷம் 2024-25க்குக் குறியீட்டெண் 363. 46ஐ 363ஆல பெருக்கி 220ஆல வகுத்தா 75 லட்சத்து 90 ஆயிரம். நாங்க கடைசியா வித்தது 58க்கு. ஆக வரி பூஜ்யம். இன்டெக்ஸேஷன் இல்லாம இருந்தா, 12 லட்சம் லாபத்துக்கு ஒன்றரை லட்சம் வரி.

நல்ல செய்திதானே? நானும் அப்படித்தான் நினைச்சு அப்பாகிட்டப் போய்ச் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கி, கண்ணாடியப் போட்டு, ரெண்டு தடவை பார்த்துட்டுக் கேட்டார்: "அப்போ எழுபத்தாறுக்கு வித்தாத்தான் அசல் வந்ததா அர்த்தம், இல்லையாம்மா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அவர் சொன்னது சரி. வரி ஏன் பூஜ்யம்னா, லாபமே இல்ல. பதினோரு வருஷத்துல நம்ம பணத்தோட மதிப்பு குறைஞ்சிருக்குன்னு வரிச் சட்டத்தோட கணக்கே சொல்லுது. அவர் இருபத்தெட்டு வருஷம் பஸ் படிக்கட்டுல தொங்கி சேர்த்த காசு அது. வரி மிச்சம்ங்கற சந்தோஷத்துல நான் அவருக்கு அந்த நஷ்டத்தை நம்பர் போட்டுக் காட்டிட்டேன். அடுத்த நாள்ல இருந்து யார் போன் பண்ணினாலும், "எழுபத்தஞ்சுக்குக் குறைஞ்சு இல்ல"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டார். 65ல போகாத வீடு!

நாங்க பதினோரு வருஷம் அங்க குடியிருந்தோம்ங்கறதையும் கணக்குல சேர்க்கணும். வாடகை மிச்சம். அத நான் அப்பாகிட்டச் சொன்னேன். "அது உன் வாடகைம்மா, என் பணமில்லையே"ன்னார். அதுவும் சரிதான்.

இது எங்க வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்ல. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள், 1990கள்ல பாஸ்டன் நகரத்து ஃபிளாட்டுகளை ஆராய்ஞ்சு 2001ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அங்கயும் விலை ஏறி விழுந்திருந்த நேரம். உச்சியில வாங்கி நஷ்டத்துல இருக்கிறவங்க, அதே மாதிரி ஃபிளாட்ட வெச்சிருக்கிற மத்தவங்களைவிட அதிக விலை கேட்கறாங்க. வாங்கின விலைக்கும் இப்ப எதிர்பார்க்கற விலைக்கும் உள்ள வித்தியாசத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் கூட்டிக் கேட்கறாங்க. கொஞ்சம் கூடுதலாக் கிடைக்கவும் செய்யுது, ஆனா விக்கறதுக்கு ரொம்ப நாள் ஆகுது. வாங்க வர்றவருக்கு நாம எவ்வளவுக்கு வாங்கினோம்ங்கறது தேவையே இல்லாத தகவல். நமக்கு அது மட்டும்தான் தகவல்.

செப்டம்பர்ல ஒரு ஆள் வந்தார். 58 தர்றேன், ஆனா பத்திரத்துல 40, மிச்சம் 18 கையில. அப்பாவுக்கு ஆசை வந்துச்சு, ஏன்னா ரொக்கம், உடனே. நான் ஆடிட்டர்கிட்டக் கேட்டேன். சொத்து விக்கிறதுக்கு 20,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கக் கூடாது. வாங்கினா எவ்வளவு வாங்கினீங்களோ அவ்வளவும் அபராதமாப் போகலாம். அதுவும் வாங்கினவர் மேல, அதாவது நம்ம மேல. அதோட, இ.எம்.ஐ. கட்டறதுக்கு 18 லட்சம் ரொக்கத்தை நான் எந்தக் கணக்குல போடுவேன்? வேண்டாம்னுட்டேன். வீட்டுல ரெண்டு நாள் யாரும் யார்கிட்டயும் பேசல.

நவம்பர் கடைசி. ஃபெஞ்சல் புயல் மழை. வெளிய போக முடியாம எல்லாரும் வீட்டுல. அன்னிக்குத்தான் நானும் அப்பாவும் உட்கார்ந்து ஒழுங்காக் கணக்குப் போட்டோம். முதல்ல சொன்னேனே, வில்லங்கச் சான்று, அதை அப்பதான் சேர்ந்து பார்த்தோம். அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்டேன். இன்னிக்கு 58 கையில வந்தா அது முழுக்க லோனுக்குப் போகும், அது ஏற்கெனவே பேசினது. ரெண்டு லோனுக்கும் வட்டி சுமாரா எட்டரை சதவீதம். 58 லட்சத்துக்கு வருஷத்துக்கு 4 லட்சத்து 93 ஆயிரம், மாசத்துக்கு 41,000. காலி வீட்டு மெயின்டனன்ஸ் 3,200. ஆக ஒவ்வொரு மாசமும் நாம 44,000 கொடுத்துக் காத்துக்கிட்டு இருக்கோம். மூணு லட்சம் கூடுதலா வேணும்னு ஏழு மாசம் காத்திருந்தா, அந்த மூணு லட்சம் காத்திருப்புலயே போயிடும். வாடகைக்கு விட்டா மாசம் 16,000 வரும், அந்த ஓட்டை பாதிகூட அடையாது. நம்ம வீட்டுக்குக் குடிவந்தவங்கள வெச்சுக்கிட்டு விக்கிறது இன்னும் கஷ்டம்.

அப்பா இதுக்கு அசையல. "வட்டி பேங்க் கேக்குது, விலை ஊர் சொல்லுது, ரெண்டும் வேற"ன்னார். அப்புறம் அந்த மே மாச ஜோடியோட கணக்க, அந்த 23 லட்சத்த, எழுதிக் காட்டினேன். வாங்கறவங்களுக்கு நம்ம வீடு பிடிக்கலன்னு இல்ல, விலை அதிகம்னுகூட இல்ல, கையில இருக்கிற ரொக்கம் பத்தலன்னு. பில்டர்கிட்ட விக்காம நிக்கிற, கட்டி முடிச்ச புது ஃபிளாட்டுக்குப் போட்டியே அங்கதான். 2023 டிசம்பர்ல இருந்து புது ஃபிளாட் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல 3 கோடி வரைக்கும் முத்திரைத்தீர்வை 5% தான், பதிவுக் கட்டணத்தோட 7%. நிறைவுச் சான்று வாங்கின கட்டடம்னா ஜி.எஸ்.டி.யும் இல்ல. நம்ம பழைய வீட்டுக்கு 9%. 58 லட்சத்துல அதுவே 1 லட்சத்து 16 ஆயிரம் வித்தியாசம். கட்டிக்கிட்டு இருக்கிற ஃபிளாட்டுன்னா 5% ஜி.எஸ்.டி. சேரும், அங்க நமக்கு அனுகூலம், அத வாங்க வர்றவங்ககிட்ட நாமதான் எடுத்துச் சொல்லணும்.

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். "சில்லறை இல்லாதவன இறக்கிவிட்டுக்கிட்டே வந்தேன்னா கடைசி ஸ்டாப்புக்கு பஸ் காலியாத்தான் போகும்"னார். அப்புறம், "அம்பத்தெட்டுக்குக் கீழ வேண்டாம்." அவ்வளவுதான். அதுக்கு மேல நானும் பேசல, அவரும் பேசல. அம்மா வந்து பஜ்ஜி வெச்சாங்க.

பொங்கல் முடிஞ்சதும் ஒரு வேலை பண்ணினேன், பதினோரு மாசத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்க வேண்டியது. எங்க காம்ப்ளெக்ஸ் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். ஓனர்ஸ் குரூப்ல இல்ல, குடியிருக்கிறவங்க குரூப்ல. பி பிளாக்ல மூணு வருஷமா வாடகைக்கு இருக்கிற ஒரு குடும்பம் அன்னிக்கு சாயங்காலமே பேசினாங்க. அவங்களுக்கு மிக்ஜாம் தெரியும், அந்த ரெண்டு நாளும் அவங்க அங்கதான் இருந்தாங்க. டேங்கர் தெரியும், லிஃப்ட் எப்போ நிக்கும்னு தெரியும், தெக்கு வாசல்லதான் அவங்களே குடியிருக்காங்க. பையன் ஸ்கூல் பஸ் அந்த கேட்டுலதான் நிக்குது. பயமுறுத்த அவங்ககிட்ட எதுவும் மிச்சமில்ல. தென்காசிப் பக்கம் ஊர்ல நிலம் வித்த காசு கையில இருந்துச்சு. வேல்யூவர் 55ன்னு சொன்னார், 44 லட்சம் லோன், மிச்சம் 14 லட்சத்தையும் பத்திரச் செலவையும் அவங்களால போட முடிஞ்சுது. விலை 58. புரோக்கர் கமிஷன் இல்லாததால எங்களுக்கு ரெண்டு சதவீதம் மிச்சம்.

பதிவுக்குப் பத்து நாள் முன்னாடி இன்னொரு கூத்து. 50 லட்சத்துக்கு மேல போனா, வாங்கறவர் 1% டி.டி.எஸ். பிடிச்சு நம்ம பான் நம்பர்ல கட்டணும். 58,000. எங்க பாதி, அப்பா பாதி. அப்பாவோட பான் ஆதாரோட இணைக்கப்படல, செயலிழந்து கிடக்கு. செயலிழந்த பான்னா 1% இல்ல, 20%. அப்பாவோட 29 லட்சத்துக்கு 5 லட்சத்து 80 ஆயிரம்! வாங்கறவங்க ஆடிட்டர்தான் கண்டுபிடிச்சார், அவருக்குக் கோயில் கட்டணும். 1,000 ரூபாய் கட்டி இணைச்சோம், அது சரியாகி வர்ற வரைக்கும் பதிவத் தள்ளி வெச்சோம். வீட்டுல பெரியவங்க பேர்ல சொத்து இருந்தா, விக்கறதுக்கு எவ்வளவு நாள் இருந்தாலும் சரி, இன்னிக்கே இத செக் பண்ணுங்க. அப்பா இதுவரைக்கும் வருமான வரி ரிட்டர்ன் போட்டதே இல்ல. அந்த 29,000 ரூபாயத் திரும்ப வாங்கறதுக்காக அறுபத்தொன்பது வயசுல முதல் ரிட்டர்ன்.

அடமானம் பத்தி வேகமாச் சொல்லிடறேன். அவங்க பேங்க் எங்க பழைய பேங்க்குக்கு நேரா மிச்சக் கடனக் கட்டுச்சு. ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடன்னா தனிநபர்கிட்ட முன்கூட்டி அடைக்கிறதுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. கடன் முடிஞ்சு 30 நாளுக்குள்ள ஒரிஜினல் பத்திரங்களத் திருப்பிக் கொடுக்கணும், பேங்க் தரப்புல தாமதம்னா நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தரணும், இது 2023 டிசம்பர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதி. ஆனா கடன் அடைச்சதும் வில்லங்கச் சான்றுல இருந்து அடமானம் தானாப் போகாது. ரசீதுப் பத்திரம் பதிவு பண்ணணும். அத விட்டுடாதீங்க, வாங்கறவங்க பேங்க் அதத்தான் முதல்ல தேடும்.

மார்ச்ல பதிவு. சார்பதிவாளர் ஆபீஸ்ல அப்பா கட்டைவிரல் வெச்சா மெஷின்ல பதியவே இல்ல. கைரேகை தேஞ்சு போயிருக்கு. அஞ்சு தடவை, ஆறு தடவை. பின்னாடி வரிசை நிக்குது. அங்க இருந்த ஒருத்தர், "ஐயா, என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டார். "டிக்கெட் கிழிச்சேன்"னார் அப்பா. எட்டாவது தடவை பதிஞ்சுது.

வெளிய வந்து இளநீர் குடிச்சோம். அந்த வாங்கின தம்பி வந்து, "சார், பால்கனியில இருக்கிற முருங்கைத் தொட்டி..."ன்னு இழுத்தார். "அது வீட்டோட சேர்ந்ததுதான்பா, எடுத்துக்கோ"ன்னார் அப்பா. வண்டியில ஏறினதும் என்கிட்டச் சொன்னார், "தொட்டிக்குத் தனியா முந்நூறு ரூபா கேட்டிருக்கணும்ல?"

கேள்விகள் நிறைய வந்திருக்கு. வாடகைக்கு ஆள் இருக்கிற வீட்ட விக்கிறது, அண்ணன் தம்பி கூட்டுப் பத்திரம், வெளிநாட்டுல இருக்கிறவங்க பவர் கொடுத்து விக்கிறது. கூட்டுப் பத்திரத்த அடுத்த வாரம் ஒரு வக்கீலோட உட்கார்ந்து பேசறேன். உங்க கேள்விகள வழக்கம்போல வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, முப்பது செகண்டுக்குள்ள.